விருந்தினருக்குத் தோட்டத்துச் சாப்பாடு

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், கொக்குவிலைக் கடந்ததும் இணுவிலை அடைவர். இங்குள்ள செம்பாட்டு மண்ணில் கத்தரி, மிளகாய், வெண்காயம், கீரை முதலியன செழித்து வளர்கின்றன. ஆயினும், எல்லாத் தோட்டங்களின் விளைவும் ஒரே காலத்தில் மருதனார்மடச் சந்தைக்கு வந்து குவியும்போது விலை வீழ்ந்துவிடுகின்றது. பறிகூலிக்கும் போதாத விலைக்குக் காய்கறியை விற்க நேரிடுவதைக் கமக்காரர் நன்கறிவர்.

2014 ஆம் ஆண்டில் யாழ்தேவிப் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 ஆம் ஆண்டில் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. வருகின்ற பிரயாணிகளுள், தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, அங்கே பறித்த காயைச் சமைத்து வாழையிலையில் உண்ண விரும்புவோரும் உளர். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கோ அது பாட்டன் பாட்டியின் தோட்டத்தைக் காணும் வாய்ப்புமாகும்.

விளைபொருளை உணவாக்கி விற்பதற்கு அண்மையிலுள்ள திருநெல்வேலியில் 'அம்மாச்சி' உணவகம் நல்ல சான்றாகும். விவசாயத் திணைக்களத்தின் ஆதரவுடன் நடைபெறும் அவ்வுணவகத்தில், பெண்கள் உள்ளூர்த் தானியங்களையும் காய்கறிகளையும் கொண்டு உண்போர் கண்முன்னே சமைத்து விற்கின்றனர். உணவாக மாறும்போது ஏறும் பெறுமதி சமைப்பவர் கைக்கே சேர்கின்றது. இதனைத் தோட்டத்திலேயே செய்ய விரும்பும் குடும்பங்கள் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

பயிர்த் திட்டம்: கீரையை ஒரேயடியாக விதையாது, வாரத்துக்கு ஒரு பாத்தியாக விதைக்க வேண்டும். முளைக்கீரை ஏறத்தாழ நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும். ஆதலால் எந்த வாரத்திலும் இளங்கீரை கிடைக்கும். கத்தரியையும் வெண்டியையும் இவ்வாறே இடைவெளி விட்டு நடலாம். தையில் அறுக்கும் காலபோக நெல் முழுவதையும் களத்திலேயே விற்றுவிடாது, மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நாட்டு நெல்லில் ஒரு பகுதியைச் சோற்றுக்கும் பிட்டுக்குமாக ஒதுக்கி வைத்தல் நன்று.

பீடைநாசினி: எப்பாத்திக்கு எம்மருந்து எந்நாளில் தெளிக்கப்பட்டது என்பதைக் குறித்து வைக்க வேண்டும். மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டில் குறித்துள்ள நாட்கள் கழியுமுன் அப்பாத்தியில் ஒரு காயும் பறித்தலாகாது. விருந்தினர் கேட்டாலும் இவ்விதி மாறாது.

கிணறு: குடாநாட்டின் நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் தங்கி நிற்பது. அளவுக்கு மிஞ்சி இட்ட பசளையும் மலக்குழிக் கசிவும் விரைவில் அந்நீரைச் சென்றடையும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், நைத்திரேற்றோ நீங்காது. அது கைக்குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு விளைப்பதாதலால், நீரைப் பரிசோதிப்பித்த பின்னரே பருகக் கொடுக்க வேண்டும்.

சமையல்: முதலில் ஐந்தாறு பேருக்கு மட்டும், முன்னறிவித்து வரும் நாட்களில் சமைத்தல் போதும். குரக்கன் பிட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை, மோர் ஆகியன வீட்டார் நாளும் உண்பவையே. புதியன தேட வேண்டியதில்லை. அரிசி, விறகு, தேங்காய், வீட்டுப் பெண்களின் உழைப்பு ஆகிய யாவற்றையும் கணக்கிட்டே விலை குறிக்க வேண்டும்.

விருந்தினருக்காகக் காக்கும் கிணற்றிலேயே வீட்டுப் பிள்ளைகளும் நீர் பருகுகின்றனர். ஆதலால் விருந்தினர் வாராத நாட்களிலும் இம்முயற்சி குடும்பத்துக்குப் பயன் தருமென்பதில் ஐயமில்லை.