நாமக்கல்லுக்கு எத்தனை எழுத்து?

'நாமக்கல்' என்ற பெயரில் எத்தனை எழுத்து என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், விரல்விட்டு எண்ணி ஐந்து என்று சொல்லிவிடும். பைத்தான் நிரல்மொழியிடம் கேட்டால் எட்டு என்கிறது. சேலம் நமக்கு மூன்று, அதற்கு ஐந்து. எழுத்துகளைக் கணினிக்குக் குறித்துக்காட்டும் யூனிகோடில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். கணினி அவற்றையும் சேர்த்து எண்ணிவிடுகிறது.

இந்தக் கோளாறைத் தீர்க்கிற கருவிகளில் ஒன்று 'ஓபன் தமிழ்' என்ற பைத்தான் நிரல்தொகுப்பு. 'எழில்' நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலை தொடங்கியது. பலர் கைபட்டு வளர்ந்தது. மூலநிரல் கிட்ஹப் என்ற இணையதளத்தில் திறந்தே கிடக்கிறது. யாரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம்.

லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல் பட்டறைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். சேசிஸ் கம்பெனியிலிருந்து வரும். பாடி இங்கே கட்டுவார்கள். சேசிஸில் குறை இருந்தால் பட்டறையில் அந்த ஒரு வண்டியைத்தான் சரிசெய்ய முடியும். இப்படித் திறந்து கிடக்கும் கட்டற்ற மென்பொருளில் சேசிஸின் வரைபடமே பட்டறைக்கு வந்துவிடுகிறது. உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டால், அடுத்து வரும் எல்லா வண்டியிலும் அது இருக்கும்.

மூலநிரலை உங்கள் கணக்கில் படியெடுப்பதை 'ஃபோர்க்' என்பார்கள். அதைத் திருத்தி, சேர்த்துக்கொள்ளும்படி கேட்பது 'புல் ரிக்வெஸ்ட்'. பராமரிப்பவர் வரிவரியாகப் பார்ப்பார், கேள்வி கேட்பார், சிலசமயம் திருப்பி அனுப்புவார். பெரும்பாலும் சம்பளமில்லாமல், வேலை முடிந்து வந்த பிறகு உட்கார்ந்து பார்க்கிறவர் அவர்.

இப்படிப் பராமரிப்பவர்களைப் படுத்திய கதையும் உண்டு. கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்கத் தூண்டும் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்வில், 2020இல் நான்கு புல் ரிக்வெஸ்டுக்கு ஒரு டி-ஷர்ட் என்றார்கள். ஆவணத்தில் 'அருமையான திட்டம்' என்கிற மாதிரி ஒரு சொல்லைச் செருகி அனுப்பியவர்கள் ஏராளம். விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. சேலம், திருச்செங்கோடு பக்கம் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே படிப்பவர்கள் ரெஸ்யூமேயில் ஒரு வரிக்காக இந்தக் குறுக்குவழியில் இறங்க வேண்டாம்.

பிட்காயின் போன்றவை இயங்கும் பிளாக்செயின் நுட்பத்துக்கும் வாசல் இதேதான். பிட்காயினின் நிரல் 2009 முதலே திறந்திருக்கிறது. ஆனால் இங்கே பிழையின் விலை அதிகம். எத்தீரியம் என்ற பிளாக்செயினில் இயங்கிய 'தி டாவோ' என்ற நிதியின் நிரல், பணத்தைக் கொடுத்த பிறகே இருப்பில் கழித்தது. 2016 ஜூனில், கழிப்பதற்குள் திரும்பத் திரும்பக் கேட்டு, அதன் நாணயமான ஈத்தரில் சுமார் 36 லட்சத்தை உருவிவிட்டார்கள். முன்பே எச்சரித்தவர்களும் இருந்தார்கள். அதனால் அங்கே புதிதாக எழுதுகிறவரைப் போலவே, இருப்பதை உடைத்துப் பார்த்துச் சொல்கிறவருக்கும் மதிப்பு.

அப்படி உடைத்துப் பார்க்கத் 'திருச்செங்கோடு' என்ற பெயரே போதும். 'கோ'வின் ஓகாரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அந்தப் பெயர் ஒன்றில் 14 குறியீடு, மற்றதில் 15. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும் ஏற்பாடு செயலியில் இல்லையென்றால், ஒரு முறையில் ஏற்றிய ஊர் மறுமுறையில் தேடும்போது அகப்படாது. நீங்கள் பயன்படுத்தும் கட்டற்ற செயலியில் இரண்டையும் இட்டுப் பாருங்கள். ஒன்று தவறினால், எப்படி இட்டீர்கள், என்ன வந்தது என்று நாலு வரி எழுதி அந்தத் திட்டத்தின் பக்கத்தில் பதிவுசெய்யுங்கள். அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்கவே வேண்டாம்.