உருகாமல் கலந்த உலோகம்

மாணவர்களே, படிவம் 4 வேதியியலில் கலப்புலோகம் பற்றிப் படித்திருப்பீர்கள். தூய உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும்; அடித்தால் ஓர் அடுக்கு மற்றொன்றின்மேல் வழுக்கும். வேறு அளவுள்ள அணுக்களைச் சேர்த்தால் வழுக்கல் தடைபடும், உலோகம் கடினமாகும். ஆனால் 650 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இந்தத் தடை போதுமா?

சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் இந்தக் கேள்விக்கு விடை தேடி வருகிறார்கள். அங்குள்ள ஈனுலைகளில், அணு எரிபொருள் மெல்லிய எஃகுக் குழாய்களுக்குள் அடைக்கப்படுகிறது. குழாய்ச் சுவரின் தடிப்பு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. வெளியே கொதிக்கும் நீரைவிடப் பல மடங்கு சூடான திரவச் சோடியம். உள்ளே நியூட்ரான்களின் ஓயாத தாக்குதல். அந்தத் தாக்குதலில் சாதாரணத் துருப்பிடிக்கா எஃகு வீங்கும். ஃபெரைட் வகை எஃகு அவ்வளவாக வீங்காது. ஆனால் சுமார் 600 பாகைக்கு மேல் அது மெல்ல மெல்ல இழுபட்டுத் தளர்ந்துவிடும்.

இதற்கு மருந்து இட்ரியம் ஆக்சைடு. ஒரு கிலோ எஃகுக்கு ஏறக்குறைய மூன்றரை கிராம் போதும். சிக்கல் என்னவென்றால், அது இரும்பில் கரையாது. உருகிய எஃகில் போட்டால் திரண்டு மேலே மிதக்கும்.

ஆகவே உருக்காமல் கலக்கிறார்கள். எஃகுத் தூளையும் இட்ரியம் ஆக்சைடுத் தூளையும், சிறிது டைட்டானியத்தோடு, எஃகுக் குண்டுகள் நிறைந்த உருளையில் பல மணி நேரம் அரைக்கிறார்கள். குண்டுகளுக்கிடையே தூள் நசுங்கி, ஒட்டி, உடைந்து, மறுபடி ஒட்டும். ரொட்டி சானாய் மாவை வீசி மடித்து, மீண்டும் வீசி மடிப்பதுபோல அடுக்குகள் மெலிந்துகொண்டே போகும். முடிவில் ஆக்சைடு சிதைந்து, அதன் அணுக்கள் இரும்பு அணுக்களுக்கு நடுவே வலுக்கட்டாயமாகத் திணிக்கப்படுகின்றன. 1960களில் ஜான் பெஞ்சமின் உருவாக்கிய முறை இது.

அடுத்து, தூளை ஓர் எஃகு டப்பாவில் அடைத்து, காற்றை நீக்கி, 1100 பாகை அளவில் சூடாக்கி அழுத்தித் தண்டாக்குகிறார்கள். சூட்டில் அணுக்கள் நகரத் தொடங்கும். இரும்போடு ஒத்துப்போகாத இட்ரியம், பக்கத்திலுள்ள ஆக்சிஜனையும் டைட்டானியத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் எண்ணற்ற இடங்களில் இப்படி நடப்பதால் எந்தத் துகளும் பெரிதாக வளராது. ஒவ்வொன்றும் சில நானோமீட்டர்தான்! துகளின் விட்டம் 5 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மில்லிமீட்டர் எஃகில் சுமார் 100 லட்சம் கோடி துகள்கள் இருக்கும்.

வழுக்க முயலும் அடுக்குகள் இந்தத் துகள்களில் மாட்டிக்கொள்கின்றன. பொதுவாகச் சூட்டில் சிறு துகள்கள் கரைந்து, பெரிய துகள்களோடு சேர்ந்துவிடும். இங்கே இட்ரியம் இரும்பில் கரையாதே! அதனால் துகள்கள் சிறியனவாகவே நிலைக்கின்றன. கலக்கும்போது தொல்லை கொடுத்த அதே குணம்தான் இப்போது எஃகைக் காப்பாற்றுகிறது.

இந்தியாவில் இந்த எஃகுக்கான தூளும் குழாய்களும் ஐதராபாத்தில் தயாராகி, கல்பாக்கத்தில் சோதிக்கப்படுகின்றன.

கடைசியாக ஒரு கேள்வி. எரிபொருளை நிரப்பிய பின் குழாயின் முனையை வழக்கம்போல் உருக்கிப் பற்றவைக்கலாமா? கூடாது. உருகிய இடத்தில் துகள்கள் மறுபடி திரண்டுவிடும். குழாய் அங்கேதான் முதலில் பலவீனமாகும். அதனால் உருக்காமல், சூடாக்கி அழுத்தியே இணைக்க வேண்டும். உருகாமல் பிறந்த உலோகத்தை உருகாமலேதான் ஒட்டவும் வேண்டும்.