அரசியல் அறிஞர் இரத்தினசாமி

சென்னையின் வடபால், கடலை ஒட்டி, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், காட்டுப்பள்ளி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. எண்ணூர்க் கழிமுகத்திற்கு வடக்கே உள்ளது காட்டுப்பள்ளி. அங்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று 2010 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் வகையில் அஃது அமைக்கப்பட்டது. அந்நீர் ஒரு வீட்டுக் குழாயை வந்தடைவதற்குப் பொறிகள் மட்டும் போதா. சட்டம் வேண்டும், பொருள் வேண்டும், தகுதியுள்ள அலுவலர் வேண்டும், அக்கரையில் வாழும் மீனவர் குறையைக் கேட்டு முறை செய்வோரும் வேண்டும். இவற்றையெல்லாம் இணைத்து நடத்துவதே பொது நிருவாகம். அரசு எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு இயங்குகிறது, எவ்வாறு இயங்குதல் வேண்டும் என்று ஆராயும் கலையே அரசியல் நூல். அக்கலையில் சிறந்து விளங்கிப் பின்னர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் உயர்ந்த எம். இரத்தினசாமி, அதே கடற்கரையைச் சேர்ந்த இராயபுரத்தில் 1885 ஆம் ஆண்டில் பிறந்தார்.

அவர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் பயின்றார்; பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். தாயகம் திரும்பியபின் வழக்கறிஞர் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். ஆயினும் ஆசிரியப் பணியே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் வரலாறு கற்பித்த அவர், 1921 ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் முதல்வரானார். ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய காலம் அது. மாணவர் பலர் கல்லூரியை விட்டு வெளியேறினர். அந்நாளில் அவர் வாளா இருந்தாரல்லர். காந்தியடிகளின் அரசியற் கொள்கைகளை ஆராய்ந்து 1922 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நாடே போற்றும் ஒருவர் கொள்கையையும் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும் என்பது அறிஞர் நெறியன்றோ?

நீந்தும் முறையைக் கரையிலிருந்தே விளக்கிவிடலாம். நீந்தத் தெரியுமா என்பதை நீரே காட்டும். அரசியலைப் பாடமாகச் சொன்ன இரத்தினசாமிக்கு அத்தகைய சோதனை 1925 ஆம் ஆண்டில் வந்தது. சென்னைச் சட்டமன்றத்தின் தலைவராக இருந்த எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை அவ்வாண்டில் காலமானார். அவ்விடத்திற்கு இரத்தினசாமி தேர்ந்தெடுக்கப்பட்டு, 1926 ஆம் ஆண்டு வரை அப்பொறுப்பை ஏற்றார். அவைத்தலைவர் ஒரு கட்சிக்கு உரியவர் அல்லர். ஆளுங்கட்சியாரின் சொல்லையும் எதிர்க்கட்சியாரின் சொல்லையும் ஒரே தராசில் நிறுத்தல் அவர் கடமை.

சென்னை அரசினர் 1929 ஆம் ஆண்டில் அரசுப்பணியாளர் தேர்வாணையத்தை நிறுவினர். இந்திய மாகாணங்களுள் இவ்வகை ஆணையத்தை முதலில் கண்டது சென்னையே. 1930 ஆம் ஆண்டு முதல் 1942 ஆம் ஆண்டு வரை இரத்தினசாமி அதன் உறுப்பினராக இருந்தார். செல்வாக்குள்ளோர் பரிந்துரையால் பதவி பெறும் வழக்கம் நீங்கி, தகுதி பற்றிப் பதவி கிடைத்தல் வேண்டும் என்பதே ஆணையத்தின் நோக்கம். அதேபொழுது, பல வகுப்பினர்க்கும் பதவிகளைப் பங்கிட்டளிக்கும் வகுப்புவாரி ஆணையும் சென்னையில் நடைமுறையில் இருந்தது. தகுதியும் வேண்டும், எல்லாருக்கும் இடமும் வேண்டும் என்னும் இரண்டையும் பேணுதல் எளிதன்று. ஆயினும், அரசு தமக்கும் உரியது என்று எளிய குடும்பத்து இளைஞன் நம்புவது இத்தகைய முறைகளால்தான். இப்பணியில் இருந்த காலத்திலேயே அவர் அரசின் ஆக்கம் பற்றி 1932 ஆம் ஆண்டிலும், ஆங்கிலேயர் ஆட்சிமுறை இந்தியாவில் உருவான வகை பற்றி 1939 ஆம் ஆண்டிலும் நூல்கள் எழுதினார். நூலறிவு பணிக்கு வழிகாட்டியது. பணியறிவு நூலுக்கு உரமூட்டியது.

1942 ஆம் ஆண்டில் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். வேந்தர் என்பது பெரும்பாலும் சிறப்புப் பதவி. பல்கலைக்கழகத்தை நாள்தோறும் நடத்துபவர் துணைவேந்தரே. பேராசிரியர் தேர்வு, பாடத்திட்டம், வரவு செலவு, தேர்வுகள், மாணவர் நலம் ஆகிய எல்லாம் அவர் பார்வையில் அடங்கும். அண்ணாமலையரசரின் கொடையால் 1929 ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் எழுந்த அப்பல்கலைக்கழகம், மாணவர் உடனுறைந்து பயிலும் அமைப்புடையது. ஆதலின் அதனை நடத்துதல் ஒரு சிற்றூரை ஆள்வது போன்றதே. இரண்டாம் உலகப் போரும் அக்காலத்தில் நடந்துகொண்டிருந்தது. எனினும் வளர்ச்சி தடைப்படவில்லை. 1945 ஆம் ஆண்டில் அங்குப் பொறியியற் கல்வி தொடங்கப்பெற்றது. 1948 ஆம் ஆண்டு வரை இரத்தினசாமி அப்பதவியில் இருந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் அவரிடம் கல்வியைத் தொடங்கிய மாணவர் பலர், விடுதலை பெற்ற நாட்டின் குடிமக்களாக வெளியேறினர்.

ஓய்வுக்குரிய வயதிலும் அவர் ஓய்ந்திலர். இராசாசி 1959 ஆம் ஆண்டில் தோற்றுவித்த சுதந்திரக் கட்சியில் சேர்ந்து, 1962 முதல் 1968 வரை மாநிலங்களவை உறுப்பினராகப் பணியாற்றினார். அரசின் அதிகாரம் எல்லை கடந்து பெருகலாகாது என்பது அக்கட்சியின் கொள்கை. வாழ்நாள் முழுவதும் அரசைப் பற்றி ஆராய்ந்தவர், அரசுக்கும் வரம்பு வேண்டும் என்று வாதிடும் அணியில் நின்றது சிந்தித்தற்கு உரியது. 1968 ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது.

ஆட்சி என்பது அமைச்சர்க்கும் அதிகாரிகட்கும் மட்டும் உரிய செய்தி அன்று. குடிநீரும், சாலையும், பள்ளியும், வேலையும் அதனைப் பொறுத்தே அமைகின்றன. அதனைக் கற்றறிந்த குடிமகன் அஞ்சாமல் கேள்வி கேட்பான். பொறுப்பு வரும்போது தளராமல் ஏற்பான். இவ்விரண்டையும் ஒருவரே செய்ய இயலும் என்பதற்கு இரத்தினசாமியின் வாழ்க்கை சான்றாக நிற்கின்றது.