ஒரு கருவிக்குப் பல குறிச்சொற்கள்

பெரிய மருத்துவமனை ஒன்றின் கணினி வலையமைப்பில், மாடிதோறும் சுவிட்சுகளும், வார்டுதோறும் கூரையில் பொருத்திய வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுகளும், வாயில்களில் காமிராக்களுமாக நூற்றுக்கணக்கான சாதனங்கள் ஒரே நிர்வாகத் திரையின் கீழ் இயங்குகின்றன. இத்தகைய சாதனங்களை நிர்வகிக்க 1988-இல் எஸ்என்எம்பி என்னும் நெறிமுறை வகுக்கப்பட்டு, பின் சில ஆண்டுகளில் சாதனத்தின் பெயர், இருப்பிடம், பொறுப்பாளர் ஆகியவற்றைத் தொலைவிலிருந்தே கேட்டறியும் வசதியும் அதில் சேர்ந்தது. ஆயினும் அறிவது வேறு, வகைப்படுத்துவது வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவின் ஆக்சஸ் பாயின்ட்டை மாடிவாரியாகச் சேர்ப்பதா, பிரிவுவாரியாகவா, வாங்கிய ஆண்டுவாரியாகவா? ஒரு பொருளுக்கு ஒரே இடம் என்னும் கிளைமுறையில் இதற்கு நிறைவான விடை இல்லை.

நூல்களின் விஷயத்தில் இத்தகைய சங்கடத்தை ஆராய்ந்த சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ். ஆர். ரங்கநாதன், ஒரு பொருளின் பல முகங்களைத் தனித்தனியே குறித்துப் பின் இணைக்கும் கோலன் பகுப்பு முறையை 1933-இல் வெளியிட்டார். டேக் எனப்படும் குறிச்சொல்லும் இந்தச் சிந்தனைக்கு அணுக்கமானதே: ஒரே சாதனம் ‘மாடி-3’, ‘ஐசியு’, ‘2022’ என்னும் மூன்று சொற்களையும் ஒருங்கே தாங்கி, எந்தச் சொல்லால் தேடினும் அகப்படும். ஆனால் ரங்கநாதன் தம் முகங்களுக்கு வரிசையும் இலக்கணமும் விதித்தார். குறிச்சொல்லுக்கோ, இடுகின்றவரே இலக்கணம் வகுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த இலக்கணம் அலங்காரமன்று. வலையமைப்புச் சாதனங்களை நிர்வகிக்கும் சிஸ்கோ மெராகி திரையில், பார்வையாளருக்கான வைஃபை ‘பார்வையாளர்’ என்னும் குறிச்சொல் தாங்கிய ஆக்சஸ் பாயின்ட்டுகளில் மாத்திரமே கிடைக்க வேண்டும் என்று விதிக்கலாம். அதன்பின், எந்தக் கருவிக்கு அச்சொல்லை இட்டாலும் அது அந்த வைஃபையை வழங்கத் தொடங்கும், அகற்றினால் நிறுத்திவிடும். வர்ணனையாகப் பிறந்த சொல் இவ்வாறு ஆக்ஞையாகிவிடுவதால், ஐசியு கருவிக்குத் தவறுதலாக அதை இடுவது வெறும் எழுத்துப்பிழையாக நின்றுவிடாது.

குறிச்சொல்லின் எண்ணிக்கையிலும் எழுத்திலும்கூடக் கவனம் வேண்டும். அமேசானின் மேகச் சேவை சர்வர் போன்ற ஒரு வளத்திற்கு 50 குறிச்சொற்கள் வரை அனுமதிக்கிறது; பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகவே கொள்வதால், இருவர் ஒரே ஆங்கிலச் சொல்லை இருவிதமாகத் தட்டினால் ஒரே வகை இரண்டாகப் பிளந்துவிடும். ஐந்தாறு சொற்களே போதும் என்பது என் துணிபு. மாடல், வரிசை எண் போல இயந்திரம் தானே உரைப்பவற்றுக்குக் குறிச்சொல் வேண்டா. எதற்காக வைத்தோம், யார் பொறுப்பு என்று மனிதர் மாத்திரமே அறிந்தவற்றையே எழுத வேண்டும். குறிச்சொல் எதுவுமே இல்லாத சாதனங்களையும் அவ்வப்போது தேடிப் பார்ப்பது அவசியம். எவரோ அவசரத்தில் பொருத்திவிட்டு மறந்த சுவிட்ச் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.