முடித்த வேலைக்குப் பணம் வாங்குவது எப்படி?

தாம்பரம் பக்கம் வீடுகளுக்கு ஒயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். பில்டர் பணம் தராவிட்டாலும், சனிக்கிழமை என் ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். ஒரு பில்டர், சுவரில் பைப் பதித்த கணக்கையே பூச்சு முடிந்ததும் மறுத்தார். பூசுவதற்கு முன் எடுத்து வைத்த படங்களைக் காட்டித்தான் பணத்தை வாங்கினேன்.

வாய்ப்பேச்சை நம்பி இறங்காதீர்கள். ஒர்க் ஆர்டர் கேளுங்கள். கட்டத்துக்குக் கட்டம் அளவெடுத்து, சைட் இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்குங்கள். பாக்கி இழுத்தால் வக்கீல் நோட்டீஸ், அடுத்து சிவில் வழக்கு. 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, பணம் தர நாள் குறிக்காத வேலைக்கு, அதை முடித்த 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். செக் திரும்பினால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

வீடு கட்டுகிறவர்களே, பில்டருக்கு அடுத்த தவணை தருமுன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.