ரெண்டு வருஷமா, எழுபது வருஷமா? தினம் ஒரு வசனம் படிக்கிறவங்களுக்கு

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல ஒண்ணை முதல்ல படிச்சிடுறேன். அனுப்பின தம்பி பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு. விழுப்புரம் பக்கத்துக்காரர். இப்போ சென்னையில ரூம் எடுத்துத் தங்கி குரூப் 2க்குப் படிக்கிறாரு.

"அண்ணா, டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில எரேமியா 29:11 இருந்துச்சு. அதை டேபிளுக்கு மேல ஒட்டி வச்சு, தினமும் பார்த்துட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பேன். பிரிலிம்ஸ்லயே போயிடுச்சு. இது மூணாவது தடவை. இப்போ அந்த அட்டையைப் பார்க்கவே பிடிக்கல, கிழிக்கவும் பயமா இருக்கு. வசனம் எனக்கானது இல்லையா, இல்ல என் விசுவாசம் பத்தலையா?"

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் கேக்குறீங்க, அதனால ஒரு வரி விளக்கம். வருஷம் பிறக்கிற ராத்திரி நம்ம ஊர் சபைகள்ல ஆராதனை முடியும்போது ஒரு தட்டு நிறைய சின்ன அட்டைகள் வரும். ஒவ்வொண்ணுலயும் ஒரு பைபிள் வசனம். கண்ணை மூடி ஒண்ணு எடுப்பாங்க. அதுதான் அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தம். ஃபிரிட்ஜ் மேல, பைக் டேங்க் கவர்ல, பர்ஸுக்குள்ள எல்லாம் அது இருக்கும். இப்போ தினசரி எடிஷன் வாட்ஸ்ஆப்ல வருது: பூ, சூரிய உதயம், நடுவுல ஒரு வசனம்.

தம்பியோட கேள்விக்கு ரெண்டு பதில் தயாரா கிடைக்கும். "உன் விசுவாசம் பத்தல" ஒண்ணு. "ஆண்டவரோட வேளை வரும், பொறுத்திரு" இன்னொண்ணு. முதல் பதில் கொடுமை, அதைப் பத்திப் பேசவே வேண்டாம். ரெண்டாவது பொய்னு சொல்ல மாட்டேன். ஆனா பசியோட நிக்கிறவன்கிட்ட பந்தி எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போற மாதிரி இருக்கு.

நான் வேற இடத்துல இருந்து தொடங்குறேன். அந்த அட்டையில இருக்கிற வசனம் யார் யாருக்கு எழுதினது?

எரேமியா 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597ல நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடிச்சு, ராஜாவையும் அதிகாரிகளையும் கைவினைஞர்களையும் பாபிலோனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். ஊரை விட்டுத் தூக்கிட்டுப் போன அந்த ஜனங்களுக்கு, எருசலேம்ல இருந்த எரேமியா எழுதி அனுப்பினதுதான் இது. அவங்களுக்கு இருந்தது ஒரே கேள்வி. எப்போ வீட்டுக்குப் போவோம்?

இந்த இடத்துல 28ஆம் அதிகாரத்தைக் கண்டிப்பா படிக்கணும். வாக்குத்தத்த அட்டையில அந்த அதிகாரம் வர்றதே இல்ல. அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி ஆலயத்துல எல்லார் முன்னாடியும் எழுந்து, ரெண்டே வருஷம்தான், எல்லாரும் திரும்பி வந்துடுவாங்கன்னு அறிவிக்கிறான். அப்போ எரேமியா கழுத்துல ஒரு நுகத்தடி கிடக்குது. பாபிலோனுக்கு அடங்கித்தான் இருக்கணும்னு காட்ட அவர் போட்டிருந்தது. அனனியா அதைக் கழட்டி எல்லார் கண் முன்னாடியும் உடைக்கிறான். யோசிச்சுப் பாருங்க, அன்னைக்கு அந்தக் கூட்டத்துல எவ்வளவு கைத்தட்டல் இருந்திருக்கும்! இன்னைக்கு நடந்திருந்தா அந்த வீடியோ கிளிப் ராத்திரிக்குள்ள எல்லா குரூப்புக்கும் போயிருக்கும்.

எரேமியா என்ன பண்றாரு தெரியுமா? உடனே சண்டை போடல. ஆமென், அப்படியே ஆகட்டும்கிறாரு. அவருக்கும் ஜனங்க திரும்பி வரணும்னு ஆசைதான். ஆனா அது நடந்தாத்தான் நம்ப முடியும்னு ஒரு வார்த்தை சேர்த்துட்டு, நுகத்தை உடைச்ச பிறகு பேசாம போயிடுறாரு. பிறகுதான் அவருக்கு வேற செய்தி வருது. அடுத்த அதிகாரத்துல கடிதம் போகுது. அதுல இருக்கிற கணக்கு ரெண்டு வருஷம் இல்ல, எழுபது வருஷம். 29:10ஐப் பாருங்க. நம்ம அட்டையில இருக்கிற 11க்கு ஒரே ஒரு வசனம் முன்னாடி! கடிதத்தைக் கேட்ட பெரியவங்கள்ல நிறைய பேர் அந்தத் திரும்புதலைப் பார்க்கவே போறதில்ல. அவங்களையும் சேர்த்துத்தான், உங்களைப் பத்தின என் எண்ணம் கெடுதலானது இல்லன்னு ஆண்டவர் சொல்றதா எரேமியா எழுதுறாரு.

அப்போ அந்த எழுபது வருஷம் என்ன செய்றது? அதுக்கும் கடிதத்துல பதில் இருக்கு, 5லிருந்து 7 வரைக்கும். வீடு கட்டுங்க, தோட்டம் போட்டு விளைஞ்சதைச் சாப்பிடுங்க, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்க, நீங்க இருக்கிற அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்க. எந்தப் பட்டணம்? அவங்களை அடிமையா பிடிச்சு வச்சிருக்கிற பாபிலோன்!

ஒரு சொல்லைக் கவனிங்க. 11ஆம் வசனத்துல நம்ம பழைய தமிழ் பைபிள் 'சமாதானம்'னு சொல்ற சொல், எபிரெயத்துல 'ஷாலோம்'. சண்டை இல்லாம இருக்கிறது மட்டும் இல்ல, குறையில்லாம நல்லா இருக்கிறதுன்னு அர்த்தம். சில இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல இது செழிப்புங்கிற அர்த்தத்துல வரும். அதைத்தான் நம்ம ஆளுங்க வேலை, வீடு, விசான்னு எடுத்துக்கிறாங்க. அதே ஷாலோம்தான் 7ஆம் வசனத்துல பட்டணத்தைப் பத்திச் சொல்லும்போது மூணு தடவை வருது. பட்டணம் நல்லா இருந்தா நீங்களும் நல்லா இருப்பீங்கன்னு. எனக்கு வாக்குத்தத்தம், ஊருக்கு எதுவும் இல்லங்கிற பிரிவினையே அந்தக் கடிதத்துல கிடையாது.

திண்டிவனத்துல இருந்து, விழுப்புரத்துல இருந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தாம்பரம் பக்கம் ரயில் ஏறுறவங்களுக்கு இது புரியும். நம்ம எல்லாருக்கும் சென்னை ஒரு வெயிட்டிங் ரூம். "ரிசல்ட் வரட்டும்", "வேலை கிடைக்கட்டும்", வாழ்க்கை அதுக்கப்புறம். பக்கத்து ரூம்ல யார் இருக்காங்கன்னு கூடத் தெரியாது. எரேமியா அந்த ஜனங்ககிட்ட சொன்னது, பெட்டியைப் பிரிச்சு வச்சுட்டு விதை போடுங்கன்னு.

பிலிப்பியர் 4:13உம் இப்படித்தான். எல்லாத்தையும் செய்ய எனக்குப் பலம் உண்டுன்னு பவுல் சொல்றாருல்ல, ஜிம் டீ ஷர்ட்ல எல்லாம் வருமே, அது ஒரு கைதி எழுதினது. அதுக்கு முந்தின ரெண்டு வசனத்துல அவர் பேசுறது பசியா இருக்கவும் வயிறார இருக்கவும் கத்துக்கிட்டதைப் பத்தி. 'எல்லாம்'ங்கிறதுல பட்டினியும் அடக்கம்.

அப்போ தினம் ஒரு வசனம்கிறதே தப்பான்னு கேட்டா, இல்ல. அது வாட்ஸ்ஆப் கண்டுபிடிச்ச பழக்கமும் இல்ல. ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்னு ஒரு சின்ன ஊர். மொராவியர்னு சொல்ற விசுவாசிகள் அகதிகளா வந்து குடியேறின இடம். 1728 மே 3 சாயங்காலம் அவங்க தலைவர் சின்சென்டார்ஃப் அடுத்த நாளுக்குன்னு ஒரு வாக்கு கொடுத்தாரு. அப்படி ஆரம்பிச்சு, 1731ல அது புத்தகமாவே அச்சாச்சு. இன்னைக்கு வரைக்கும் வருஷா வருஷம் வருது. வசனங்களை இன்னும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறாங்க. இந்த மொராவியர்கள் 1760ல நம்ம தரங்கம்பாடி வரைக்கும் வந்திருக்காங்க. எனக்கு இதுல பிடிச்ச விஷயம், ஆரம்ப காலத்துல அந்த வசனத்தை ஒரு ஆள் வீடு வீடா கொண்டு போனதுதான். கதவைத் தட்டி வசனத்தைச் சொல்லணும், அந்த வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னும் பார்த்துட்டு வரணும். நம்மகிட்ட வசனம் மட்டும் வந்து சேர்ந்துடுச்சு, ஆள் வரல.

கதவைத் தட்டுறதுன்னு சொன்னதும் எங்க ஊர்க் கதைக்கு வந்துடுறேன். திண்டிவனம்னா நிறைய பேருக்குப் புதுச்சேரிக்குத் திரும்புற இடம். இல்லன்னா செஞ்சிக்கோட்டைக்கு பஸ் மாறுற இடம். ஒரு காலத்துல புளியங்காடா இருந்ததால வந்த பேருன்னு சொல்வாங்க. அந்த ஊர்ல 1890களோட தொடக்கத்துல ஒரு மிஷன் பங்களாவுல இருந்தவங்கதான் ஐடா ஸ்கடர். 1870ல ராணிப்பேட்டையில பிறந்தவங்க. தாத்தா ஜான் ஸ்கடர் 1819லயே அமெரிக்காவுல இருந்து கப்பல் ஏறின மருத்துவ மிஷனரி. அப்பாவும் மருத்துவ மிஷனரி. ஆனா ஐடாவுக்கு இந்த வேலையில துளியும் விருப்பம் இல்ல. ஆறேழு வயசுல, 1877 பஞ்சத்துல, பசியில சாகிற பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தவங்க. அந்த நினைப்பே அவங்களை இந்தியாவை விட்டு ஓட வச்சுது. அமெரிக்காவுல படிச்சாங்க. அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு கொஞ்ச நாளைக்குத்தான் திண்டிவனம் வந்தாங்க.

ஒரு ராத்திரி ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டுறாரு. இளம் மனைவிக்குப் பிரசவ வலி, மருத்துவச்சிகளால முடியல, நீங்க வரணும்னு. எனக்கு மருத்துவம் தெரியாது, எங்க அப்பாதான் டாக்டர், அவர் வருவாருன்னு ஐடா சொல்றாங்க. ஆம்பளை டாக்டர் என் மனைவியைப் பார்க்கக் கூடாதுன்னு சொல்லி அவர் திரும்பிப் போயிடுறாரு. அதே ராத்திரி ஒரு முஸ்லிம் வர்றாரு. அப்புறம் இன்னொரு இந்து குடும்பத்துக்காரர். மூணு பேருக்கும் ஒரே தேவை, மூணு பேரும் சொன்னது ஒரே பதில். அந்த ராத்திரி ஐடா தூங்கல, ஜெபம் பண்ணினாங்க. விடியக்காலையில பறைச்சத்தம் கேட்டுது. வேலைக்காரரை அனுப்பி விசாரிச்சா, மூணு பொண்ணுங்களும் செத்துப் போயிட்டாங்க.

மீதிக் கதை எல்லாருக்கும் தெரியும்னு நினைக்கிறேன். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் 1899ல கார்னெல்ல மருத்துவப் பட்டம். 1900ல வேலூர்ல சின்னதா ஒரு மருத்துவமனை. 1902ல 40 படுக்கையோட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. 1918ல பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்னைக்கு நம்ம சி.எம்.சி. அந்தக் கல்லூரியோட குறிக்கோள் வாசகமும் வசனம்தான், மாற்கு 10:45ல இருந்து எடுத்தது. மத்தவங்க எனக்குச் செய்யணும்னு இல்ல, நான் செய்ய வந்தேன்கிற கருத்து.

இந்தச் சம்பவத்தைப் பிரசங்கத்துல சொல்லும்போது எனக்கு ஒரு இடம் உறுத்தும். "அந்த மூணு பேர் செத்ததாலதான் சி.எம்.சி. வந்தது, பாருங்க ஆண்டவரோட திட்டம்"னு முடிப்பாங்க. அந்த மூணு பொண்ணுங்களோட பேர் கூட நமக்குத் தெரியாது. அவங்க வீட்டுல யாராவது அன்னைக்கு இந்த விளக்கத்தைக் கேட்டு ஆறுதல் அடைஞ்சிருப்பாங்களா? அந்த ராத்திரி ஜெபத்துக்கு ஐடாவுக்குக் கிடைச்சது பறைச்சத்தம்தான். அதை அவங்க பூசி மெழுகல. அறைக்குள்ள உக்காந்து யோசிச்சாங்க, மறுபடி ஜெபம் பண்ணினாங்க, அப்புறம் அப்பா அம்மாகிட்ட போய் நான் மருத்துவம் படிக்கப் போறேன்னு சொன்னாங்க. பைபிள்லயே சங்கீதம் 88 இருட்டுலயே முடியுது. அதுக்கு ஒரு நல்ல கடைசி வரியை யாரும் ஒட்ட வைக்கல. அதுவும் காலையில படிக்க வேண்டிய வேதம்தான்.

சரி, தம்பிக்கு நேரடியா. விசுவாசம் பத்தலைன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. அந்த வசனம் உங்களுக்கும்தான், ஆனா தேர்வு முடிவைப் பத்தி அது எதுவும் சொல்லல. நான் எப்படிப் படிக்கிறேன்னு கேட்டா, அட்டையில என்ன வசனம் வந்தாலும் பைபிளைத் திறந்து அதுக்கு முன்னாடி பத்து வசனம், பின்னாடி பத்து வசனம், சத்தம் போட்டுப் படிப்பேன். யார் யாருக்கு, எந்த நிலைமையில பேசுறாங்கன்னு ஒரு வரி நோட்டுல எழுதுவேன். பழைய மொழிபெயர்ப்பு புரியலைன்னா 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்துல வச்சுக்குவேன். என்னை எதாவது ஒரு சொல் பிடிச்சு நிறுத்துச்சுன்னா அன்னைக்கு அங்கேயே நின்னுடுவேன். பன்னிரண்டாம் நூற்றாண்டுல குய்கோங்கிற துறவி இதை நாலு படி உள்ள ஏணின்னு எழுதி வச்சாரு: வாசிக்கிறது, தியானிக்கிறது, ஜெபிக்கிறது, பேசாம இருக்கிறது. நாலாவது படிதான் நமக்குக் கஷ்டம், ஃபோன் கையில இருக்கு. ஒண்ணுமே பிடிக்காத நாளும் இருக்கும். வாரத்துல மூணு நாள் எனக்கு அப்படித்தான். படிச்சுட்டு ஆபீஸ் கிளம்பிடுவேன்.

வசனத்தை ஃபார்வர்ட் பண்றதா இருந்தா நூறு பேருக்கு வேண்டாம், ஒருத்தருக்கு அனுப்புங்க. அப்புறம் அவருக்கு ஃபோன் போட்டு சாப்பிட்டியான்னு கேளுங்க.

தம்பி, அட்டையைக் கிழிக்க வேண்டாம், ஒட்டியும் வைக்க வேண்டாம். எரேமியா 29 இருக்கிற பக்கத்துல அடையாளமா செருகி வைங்க. நாளைக்குக் காலையில 28ஐயும் 29ஐயும் சேர்த்துப் படிங்க, கால் மணி நேரம் போதும். அனனியா பேசுற இடம் வரும்போது உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பக்கத்து ரூம்ல இருக்கிறவர் பேர் என்னன்னு கேட்டு அதையும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.