பைபாஸுக்குப் பின் பெண்கள்: ஓய்வும் உரிமையும்

பைபாஸ் அறுவைச் சிகிச்சையில் நெஞ்சின் நடு எலும்பை நெடுக அறுத்துத் திறந்து, முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். தோலின் காயம் சில வாரங்களில் ஆறிவிடும். எலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரம், முழு வலு பெறச் சுமார் 3 மாதம் ஆகும். வெளிக்காயம் ஆறியதைப் பார்த்து, உடம்பு தேறிவிட்டதாக எண்ணி அடுப்படிக்குத் திரும்புவதில்தான் பெண்களுக்குச் சிக்கல் தொடங்குகிறது.

வீட்டு வேலை

எலும்பு கூடும்வரை 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. 10 லிட்டர் குடம் நிறைந்தாலே 10 கிலோ. கிரைண்டர் கல்லைத் தூக்குவது, ஈரப் போர்வையைப் பிழிவது, குழந்தையை இடுப்பில் வைப்பது, கையூன்றித் தரையிலிருந்து எழுவது எல்லாமே எலும்பின் இணைப்பை அசைக்கும். ஆகவே இந்த வேலைகளை யார் செய்வது என்பதை வீடு திரும்பும் முன்பே குடும்பத்தார் பேசி முடித்துவிட வேண்டும். அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே. நடைப்பயிற்சி மட்டும் அவசியம். வீட்டுக்குள் சில நிமிடங்களில் தொடங்கி மெல்லக் கூட்டலாம்.

மார்பின் எடை தையலை இழுக்கும். கம்பி வைக்காத, முன்பக்கம் கொக்கியுள்ள பருத்தி உள்ளாடை இதைக் குறைக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் புண்ணில் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடுதல். இருமும்போது சிறு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

காய்ச்சல், காயத்தில் கசிவு, நெஞ்செலும்பில் ‘கடக்’ என்ற அசைவு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், ஓரிரு நாளில் 2 கிலோ எடை கூடுவது ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாரடைப்பு பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் வரலாம். மூச்சுத்திணறல், தாடையிலோ முதுகிலோ வலி, குமட்டல், காரணமில்லாத அசதி ஆகியவற்றை வாயு என்று தள்ளிவிடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். வாரக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு.

வலி நின்றதும் ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் தாமாக நிறுத்தினால் பைபாஸில் இணைத்த புதிய ரத்தக்குழாய் அடைபடக்கூடும். கர்ப்பகாலத்தில் ரத்தக்கொதிப்போ சர்க்கரையோ இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டுமே இதயநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவை.

உரிமைகள்

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். இதய அறுவையும் இதில் அடங்கும். இ.எஸ்.ஐ. சந்தா உரிய காலம் செலுத்திய தொழிலாளிக்கு, மருத்துவச் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தில் 70 சதவீதம் உதவித்தொகையாக உண்டு.

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்கக் கோரலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் சேவைக் குறைபாட்டுக்கு 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அதற்கு டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்துச் சீட்டு, ரசீது ஆகியவற்றின் நகல்கள் கைவசம் இருக்க வேண்டும்.